ஆற்றுத் தண்ணியா, அலுமினாவா, ஆர்.ஓ.வா? சித்தூர் தாலுக்காவின் ஃப்ளோரைடுக் கணக்கு

பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம், தண்ணீர் மெஷின் விற்க வருகிறவர் பையிலிருந்து முதலில் எடுப்பது டி.டி.எஸ். மீட்டர். போர் தண்ணீரில் முக்கினால் எண் எகிறும். மெஷின் தண்ணீரில் முக்கினால் நூறுக்குக் கீழே நிற்கும். “பாத்தீங்களாக்கா, இதுக்கு மேல என்னங்க வேணும்?” என்பார்.

அந்த மீட்டர் ஃப்ளோரைடை அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் மொத்த உப்பை ஊகித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். 900 மில்லிகிராம் உப்புக்கு நடுவே 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு அதன் கண்ணில் படவே படாது. நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். ஆகவே ஃப்ளோரைடை நீக்கும் வழிகளை ஒப்பிடும்போது எது அதிகம் நீக்குகிறது என்பதோடு, கெட்டுப்போனால் எது காட்டிக்கொடுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். என் கணக்கில் இரண்டாவதுதான் பெரியது.

கேரளத்தில் போய் தண்ணீர்ப் பிரச்சினையா என்று கோயம்புத்தூர்க்காரர்கள்கூடக் கேட்பார்கள். மாநிலச் சராசரி மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். இந்தக் கிழக்கு ஓரத்தில் அதில் பாதிகூடத் தேறாது. அடியில் கருங்கல். திறந்த கிணறு வற்றியதும் எல்லோரும் போர் போட்டார்கள். பாறை இடுக்கில் நெடுநாள் கிடக்கும் நீர், அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த நீரில் அது இன்னும் தாராளமாகக் கரையும். இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராமை விரும்பத்தக்க அளவு என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதைத் தாண்டினால் பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்குப் பல்லில் காவிக்கறை விழும். இன்னும் கூடி, வருடக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகும். இந்தியாவில் இந்த நோய் மருத்துவ ஏட்டில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்தில்.

நல்கொண்டா முறையை முதலில் முடித்துவிடலாம். நாக்பூரின் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி உருவாக்கியது. படிகாரமும் கொஞ்சம் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி, தெளிய வைத்து, மேல்நீரை எடுப்பது. மின்சாரம் வேண்டாம், பொருள் கடையில் கிடைக்கும். ஆனால் படிகாரத்தின் அளவு அந்தந்தத் தண்ணீரின் ஃப்ளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்தது. லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் வரை போகும். குறைத்துப் போட்டால் ஃப்ளோரைடு நிற்கும், கூட்டிப் போட்டால் அலுமினியம் நிற்கும். அலுமினியத்துக்கு 0.03, அதிகபட்சம் 0.2 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் வீட்டில் இதையெல்லாம் அளந்து போடுவது நடக்காத காரியம். எலும்புக் கரி முறையும் உண்டு, கென்யாவிலும் தான்சானியாவிலும் ஓடுகிறது. நம்மூரில் எலும்பு வழியாக வடிந்த நீரை எத்தனை வீட்டில் குடிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மையான போட்டி அலுமினாவுக்கும் ஆர்.ஓ.வுக்கும்தான்.

ஆக்டிவேட்டட் அலுமினா என்பது வெள்ளைக் குருணை. தண்ணீர் அதன் வழியே இறங்கும்போது ஃப்ளோரைடு குருணையின் மேல் ஒட்டிக்கொள்ளும், கால்சியமும் மெக்னீசியமும் பெரும்பாலும் தண்ணீரிலேயே தங்கும். கழிவுநீர் கிடையாது, கரண்ட் வேண்டாம், பானை ஃபில்டர் மாதிரியே வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், அமிலத்தன்மை லேசாக இருக்கும் நீரில், அதாவது பி.எச். 5.5, 6 அளவில்தான் இது நன்றாக உறிஞ்சும். நம்ம போர் தண்ணீர் 8ஐ ஒட்டி நிற்கிறது, பைகார்பனேட்டும் இடத்துக்குப் போட்டி போடுகிறது. அதனால் விற்கும்போது சொன்ன லிட்டர் கணக்கு வீட்டில் வராது. குருணை நிரம்பிவிட்டால் காஸ்டிக் சோடா கரைசலில் கழுவி, அமிலத்தால் சமன்செய்து, மறுபடி பயன்படுத்தலாம். அதை வீட்டு வாசலில் செய்ய முடியாது. கழுவிய நீரை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் கூடவே வரும்.

அதைவிட மோசமானது இதன் மௌனம். நிரம்பிய குருணையிலிருந்து வரும் தண்ணீர் நேற்று வந்த மாதிரியேதான் இருக்கும், தெளிவாக, அதே ருசியில். மீட்டரும் அசையாது. ஃபில்டர் செத்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும், வீட்டில் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆர்.ஓ., அதாவது நுண்சவ்வு வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளும் மெஷின், இதில் நேர்மாறு. நல்ல சவ்வு பத்தில் ஒன்பது பங்கு ஃப்ளோரைடை நிறுத்தும், மற்ற உப்புகளையும் சேர்த்து நிறுத்தும். அதனாலேயே சவ்வு கிழிந்தால் தண்ணீர் உப்புக் கரிக்கும், மீட்டரும் எகிறும். விற்பனையாளரின் டி.டி.எஸ். மீட்டர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடைக் காட்டாது. ஆனால் சவ்வு உயிரோடு இருக்கிறதா என்பதைக் காட்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, பராமரிக்க ஆள் இல்லாத தனி வீட்டுக்கு நான் அலுமினாவைவிட ஆர்.ஓ.வைத்தான் சொல்வேன், மனமில்லாமல்தான். மனமில்லாததற்குக் காரணம், வீட்டு மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். வறண்ட ஊரில் போர் வறண்டுபோக இதுவும் ஒரு வழி. வெளியே போகும் நீரில் ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தி. அப்புறம், எலும்பைக் காக்கும் கால்சியத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறது. ராகிக் களி, மோர், கீரை என்று சாப்பாட்டில் ஈடுகட்ட வேண்டும். கட்டன் சாயா ஈடுகட்டாது. தேயிலையே ஃப்ளோரைடைச் சேர்த்து வைக்கும் செடி.

ஊர்ப் பொதுவில் ஒரே இடத்தில் வைத்து ஆள் போட்டு நடத்துவதென்றால் முடிவு மாறும். பத்து நாளுக்கொருமுறை நிறச்சோதனைக் கிட்டில் பார்த்து, குருணையை முறையாகக் கழுவ ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஊரில் அலுமினா மலிவு, நீரும் வீணாகாது.

இவை எல்லாவற்றையும்விட எளிது, ஃப்ளோரைடு இல்லாத நீரைக் கொண்டுவருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் காவிரியைக் கொண்டுபோனது இதற்குத்தான். படிகார முறைக்குப் பெயர் கொடுத்த நல்கொண்டாவே இன்று தெலங்கானாவின் மிஷன் பகீரதா குடிநீர்த் திட்டக் குழாயில் ஆற்று நீருக்குப் போய்விட்டது. சித்தூருக்கு ஆழியாற்றிலிருந்து வரும் சித்தூர்ப்புழை இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையிலுள்ள மணக்கடவில் தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும். ஆனால் அது முக்கியமாகப் பாசனத்துக்கு. கோடை வந்தால் இரண்டு மாநிலமும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், நாம் போரைத் திறப்போம்.

அதனால் நடைமுறை வழி கலப்பு. போரில் 3 மில்லிகிராம், ஆற்று நீரில் 0.3 என்று வைத்துக்கொண்டால், 1.5க்குக் கொண்டுவரப் பாதிக்குச் சற்று மேல் ஆற்று நீர் வேண்டும். 1க்குக் கொண்டுவர நான்கில் மூன்று பங்கு. ஆற்று நீர் குறைவாக வரும் மாதத்தில் எந்தத் தொட்டிக்கு எவ்வளவு என்று யார் பங்கிடுவது?

இங்கேயும் இரண்டு வழி. ஒன்று, எல்லாத் தொட்டியின் ஃப்ளோரைடு அளவும் ஓர் அலுவலகக் கணினிக்கு வந்து, அங்கிருந்தே வால்வுக்கு உத்தரவு போவது. இன்னொன்று, பல ஏஜென்ட்களாகப் பிரித்துவிடுவது: ஒவ்வொரு தொட்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அடுத்த தொட்டியோடு மட்டும் பேசி, ஆற்று நீரைக் கொடுத்து வாங்கி, தன் ஃப்ளோரைடு எண்ணை அதன் எண்ணை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தும். ஒரே கொள்ளளவும் ஒரே போர் நீரும் உள்ள மூன்று தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன, கலந்த பின் 0.8, 1.1, 1.7 என்று வைப்போம். வித்தியாசத்தில் கால் பங்கு நகர்ந்தால் அடுத்த சுற்றில் 0.875, 1.175, 1.55. கூட்டுத்தொகை 3.6 மாறவில்லை. சுற்றுகள் போகப் போக மூன்றும் 1.2க்கு வந்து சேரும். மொத்தப் படம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, தொடர்பு எங்கும் அறுபடாமல் இருந்தால் போதும். நகர்வு அதிகமானால் மட்டும் எண்கள் அடங்காமல் அங்குமிங்கும் தாவும்.

அழகான கணக்குதான். மூன்று நான்கு தொட்டிக்கு இது வேண்டியதே இல்லை. ஒரு கணினியும் ஒரு பம்ப் ஆபரேட்டரும் போதும், தப்பு நடந்தால் யாரைக் கேட்பதென்றும் தெரியும். முப்பது நாற்பது தொட்டி, சிக்னல் வந்து வந்து போகும் எல்லைக் கிராமங்கள், அடிக்கடி கரண்ட் கட் என்று வந்தால்தான் பிரித்த முறை மேல். நடு அலுவலகம் இருண்டாலும் தொட்டிகள் தங்களுக்குள் பேசி ஓடும்.

ஆனால் ஒரு தொட்டியின் சென்சார் 0.5இல் சிக்கிக்கொண்டது என்று வைப்போம். ‘என்னிடம் நிறைய இருக்கிறது’ என்று அது ஆற்று நீரை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்துத் தொட்டிகள் நன்றாகிக்கொண்டே போகும், அந்தத் தெருக்காரர்கள் முழுப் போர் தண்ணீரைக் குடிப்பார்கள், திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். ஒரு பொய்யரைச் சமாளிக்கக் குறைந்தது நான்கு பேர் வேண்டும் என்று 1982லேயே கணினி அறிஞர் லாம்போர்ட்டும் அவருடைய சகாக்களும் காட்டிவிட்டார்கள். அதற்கு ஒருவரை ஒருவர் தாராளமாக எட்டவும் வேண்டும். ஒரே குழாய் வரிசையில் ஆளுக்கு இரண்டு அண்டைவீட்டார் மட்டும் உள்ள தொட்டிகளுக்கு அந்த வசதி கிடையாது. சென்சாரில் இருக்கும் ஃப்ளோரைடு மின்முனையோ அடிக்கடி அளவு திருத்தினால்தான் ஒழுங்காகச் சொல்லும். மத்தியக் கணினியும் இதே பொய்யை நம்பும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஓட்டமீட்டர் கணக்கோடு ஒப்பிட்டு, ‘இவ்வளவு போர் நீர் போயிருக்கிறதே, 0.5 எப்படி?’ என்று பிடித்துவிடலாம். பிரித்த முறையில் அந்தச் சோதனையை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைக்க வேண்டும்: போர் நீரின் பங்கு பாதியை நெருங்கினால் சென்சாரும் அண்டைத் தொட்டியும் என்ன சொன்னாலும் போர் வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும், டேங்கர் லாரிக்குப் போன் போக வேண்டும். டெண்டரில் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் பழைய மாதிரியே பம்ப் ஆபரேட்டர் சாவி வைத்துத் திருகட்டும்.