365 தாள், எல்லாவற்றிலும் அப்பா

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு போய்விடலாம். ஐந்துக்கு மூன்று. அச்சுக்கு நாலு, ஒட்டுக்கு ரெண்டு, தமிழுக்கு ஒன்று. கூட்டி வகுத்தால் மூன்று வராது என்பது எனக்கும் தெரியும், நான் கண்டக்டர் மகள். மீதி எங்கிருந்து வந்தது என்பது போகப்போகத் தெரியும்.

பொருள் ஒரு தினசரி காலண்டர். சிவகாசியில் ஒரு சின்ன அச்சகம் செய்து கொடுத்தது. குறை சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். பொதுவாக நாம் காலண்டர் ஆர்டர் கொடுத்தால் அட்டையில் மட்டும்தான் நம் கடைப் பெயர் வரும். கீழே தொங்கும் தாள் கட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். அதே ராகு காலம், அதே எமகண்டம், அதே சந்திராஷ்டமம், அடியில் அதே பொன்மொழி. நகைக்கடைக்காரர் கொடுத்ததிலும் உரக்கடைக்காரர் கொடுத்ததிலும் ஒரே நாளில் ஒரே உபதேசம். அந்தப் பொன்மொழி இருக்கிற இடத்தில் எங்கள் அப்பா சொன்னதைப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டோம். முடியும் என்றார்கள். குறைந்தது 30 காலண்டர் எடுக்க வேண்டும், ஒன்று 480 ரூபாய், வரியும் பார்சல் செலவும் தனி.

அப்பாவுக்கு 2025இல் 75 வயது. 1975இல் சோழன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்தவர். 1997இல் கழகத்தின் பெயர் மாறியது, அவர் வாயில் மட்டும் இன்றுவரை அது சோழன்தான். 2008 ஜூன் 30ஆம் தேதி ஓய்வு. பாதி சர்வீஸ் கும்பகோணம் – தஞ்சாவூர் ரோட்டிலேயே போனது. பாபநாசம், அய்யம்பேட்டை, பசுபதிகோயில் என்று அவர் ஸ்டாப்பிங் சொல்லும் ராகத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் தாலாட்டு கேட்டோம் என்று அம்மா சொல்வாள். நாற்பது கிலோமீட்டர் போய் நாற்பது கிலோமீட்டர் வந்தால் ஒரு மனிதனுக்கு எவ்வளவு தோன்றுமோ அவ்வளவும் ராத்திரி எங்கள் தட்டில் விழும்.

உதாரணத்துக்கு நாலு.

“சில்லறையா இருக்கைலயே டீயக் குடிச்சிரு. நோட்ட ஒடச்சா அன்னிக்கே போயிரும்.”

“உக்காந்திருக்கவன்ட்ட ரோடு எப்படின்னு கேக்காத. நிக்கிறவன்ட்ட கேளு.”

“கோவத்துல இருக்கைல கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லாத. அது உப்பப் பத்தின பேச்சா இருக்காது.”

“கணக்கு ஒரு ரூவா கொறஞ்சா கைய விட்டுக் கட்டு. ஒரு ரூவா கூடுனா தூங்காத.”

கடைசியாகச் சொன்னதற்கு விளக்கம் வேண்டும். கண்டக்டர் பையில் பணம் குறைந்தால் அவர் கையிலிருந்து போகும், அவ்வளவுதான். கூடினால் செக்கிங் இன்ஸ்பெக்டர் கேட்கிற கேள்வி வேறு: டிக்கெட் கொடுக்காமல் யாரிடம் வாங்கினாய்? குறைந்தால் நஷ்டம், கூடினால் திருட்டுப் பட்டம். நான் கூட்டுறவு சங்கத்தில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்த முதல் வாரம் 200 ரூபாய் கூடுதலாக இருந்தது. பக்கத்து சீட்டு அக்கா “நல்லதுதானே” என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. வவுச்சரையெல்லாம் மறுபடி புரட்டி மறுநாள் பதினோரு மணிக்குக் கண்டுபிடித்தேன்.

சரி, காலண்டருக்கு வருகிறேன். அக்கா கோயம்புத்தூரில், தம்பி சென்னையில், நான் திருச்சியில். வாட்ஸப்பில் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு குழு தொடங்கி, நினைவுக்கு வருவதையெல்லாம் போட்டோம். 365 எல்லாம் ஒரு வாரத்தில் தேறிவிடும், மீதியை என்ன செய்வது என்றுதான் கவலை. மூன்று மாதம் ஆயிற்று. வந்தது 131. ஒன்றையே வேறு வேறு மாதிரி எழுதியதைக் கழித்தால் 96. ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்த மனிதர் என்று நினைத்திருந்தோம். ஓயாமல்தான் சொன்னார், ஒரு இருபதை.

அந்த 96லும் சண்டை. “கடன் வாங்கி வீடு கட்டாத” என்று தம்பி எழுதினான். “கடன் இல்லன்னா நம்மள மாதிரி ஆளு வீடே கட்ட முடியாது” என்று அக்கா. இரண்டும் அவர் சொன்னதுதான். முதலாவது, பக்கத்து வீட்டுக்காரர் கட்டும்போது. இரண்டாவது, நாங்கள் கட்டும்போது. இரண்டையும் சேர்த்தோம், ஒன்றை ஜனவரியில், ஒன்றை ஆகஸ்டில்.

இந்த மூன்று மாதத்தால் இன்னொரு தப்பும் நடந்தது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷத்துக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். ஆர்டர் அப்போதே தொடங்கிவிடும். நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில். அந்த நேரத்தில் அந்த ஊரில் ஒருவரைப் பிடித்து நிறுத்திப் பேசுவது என்றால் ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரிதான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டி வந்து, லேபிளுக்காக அச்சு வந்து, அச்சிலிருந்து காலண்டர் வந்த ஊர். எங்கள் 30 காலண்டர் அவர்களுக்கு ஒரு தும்மல். ஆனாலும் போனை எடுத்தவர் ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை. அதற்காக அரை மதிப்பெண் மனசுக்குள் சேர்த்தேன்.

மீதி 269 நாளுக்கு என்ன செய்வது? “எங்ககிட்ட ஸ்டாக் பொன்மொழி இருக்கு மேடம், போட்டு நிரப்பிரலாம்” என்றார். சரி என்றேன். அந்தச் சரி எங்கே போய் முட்டப்போகிறது என்று அப்போது தெரியாது.

புரூப் பிடிஎஃப் வந்தது. திறந்து பார்த்தால் டீயைக் காணவில்லை. “சில்லறை இருக்கும்போதே தேநீர் அருந்திவிடு” என்று இருக்கிறது. நோட்டு உடைக்கிற இரண்டாவது வரி, இடம் இல்லை என்று போயே போய்விட்டது. “நின்று பயணிப்பவரே சாலையை அறிவார்” என்று ஒன்று. எங்கள் அப்பா வாழ்நாளில் யாரையும் “பயணிப்பவரே” என்று கூப்பிட்டதில்லை. “உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் கெடக்கு” என்றுதான் கூப்பிட்டார்.

போன் செய்தேன்.

“மேடம், பேச்சுத் தமிழ்ல போட்டா படிக்கிறவங்க தப்பு கண்டுபிடிப்பாங்க. டிடிபி தம்பி நல்லா திருத்தியிருக்காரு.”

“எங்க அப்பா அப்படித்தாங்க பேசுவாரு.”

“அப்பா பேசலாங்க. காலண்டர் பேசக்கூடாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தைக் காட்ட முடியவில்லை. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டித் திருப்பிப் போடச் சொன்னேன். இரண்டு வரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கேதான் சில சொற்கள் விழுந்தன. அந்த உப்பு – குழம்பு விஷயத்தில் பாதி போய்விட்டது: “கோவத்துல உப்பு இல்லன்னு சொல்லாத” என்று மட்டும் நின்றுவிட்டது. அம்மாவுக்கு அது புரியும். எங்கள் மாமியார் வீட்டில் கொடுத்த பிரதியைப் பார்த்துவிட்டு, அது பிரஷர்காரர்களுக்கான அறிவுரையா என்று கேட்டார்கள். அதையும் சேர்த்து 11 தாள் கடைசிவரை சரியாகவில்லை. நேரம் இல்லை, மிஷினில் ஏற்ற வேண்டும் என்றார்கள். தமிழுக்கு ஒன்று கொடுத்தது இதற்குத்தான்.

டிசம்பர் 18ஆம் தேதி பார்சல் வந்தது. பாபநாசத்துக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். அப்பா முதலில் படிக்கவில்லை. கையில் தூக்கி எடை பார்த்தார். மேலே தகரப் பட்டையைத் தட்டிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைத் தாளைத் தேடி எடுத்து ராகு காலம் 3 – 4.30 சரியா என்று பார்த்தார். பிறகுதான் கண்ணாடியைப் போட்டார்.

இரண்டு நிமிஷம் கழித்து, “ஏம் பாப்பா, ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நானா சொன்னேன்?”

வாங்கிப் பார்த்தேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. அடியில் ஒரு கோடு இழுத்து, அப்பா. அடுத்த தாள், ஸ்டாக் பொன்மொழி, அடியில் அப்பா. எங்கள் 96க்கு மட்டும் போடச் சொன்ன கையெழுத்தை 365க்கும் போட்டுவிட்டார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் ‘யாகாவா ராயினும் நாகாக்க’ குறள் முழுசாக இருந்தது. அதற்கும் கீழே அப்பா.

“வள்ளுவரு கேஸு போடாம இருக்கணும்” என்றார் அப்பா. அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா 33 வருஷம் டிரைவர் முதுகுக்குப் பின்னாடி குறளப் பாத்துக்கிட்டேதான் டிக்கெட் கிழிச்சேன். பாதி எனக்குச் சேரும்” என்றார்.

அதைவிடப் பெரிய விஷயம், எங்கள் 96லும் அவர் பலதை ஒப்புக்கொள்ளவில்லை. நிற்கிறவனிடம் ரோட்டைக் கேட்கச் சொன்னது தன்னோடு ஏழு வருஷம் ஓட்டிய டிரைவர் மாமாவாம். கணக்கு கூடினால் தூங்காதே என்றது எங்கள் தாத்தாவாம். அவர் நெல் மண்டியில் கணக்கு எழுதியவர், ஒரு ரூபாய்க்குப் பதில் ஒரு மரக்கால் என்று சொல்வாராம். அக்கா அனுப்பிய ‘திருநாள் சந்தடியில் வெளியே புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்பதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அது ராகு காலத்தை நினைவு வைக்க ஊரே சொல்கிற வாக்கியம், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. திங்கள் ஏழரையில் தொடங்கி சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று ஒன்றரை மணி ஒன்றரை மணியாகத் தள்ளிக்கொண்டே போனால் ஞாயிறு நாலரையில் வந்து நிற்கும். அக்கா நாற்பது வருஷமாக அதை அப்பா கட்டியது என்றே நம்பியிருக்கிறாள். திருநாளன்று ஊர் சுற்றப் போகாதே என்று தன்னைத்தான் கண்டிக்கிறார் என்று நினைத்தாளாம்.

பொருளின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சு சுத்தம், சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது, பஞ்சாங்க விவரத்தில் இதுவரை ஒரு பிழையும் நான் பார்க்கவில்லை. ஆனால் தாள் கனம். வழக்கமான காலண்டரில் வருகிற மெல்லிய தாள் இல்லை, நோட்டுப் புத்தகத் தாள் மாதிரி. கட்டு மூன்றரை சென்டிமீட்டர் உயரம் வந்துவிட்டது. கிழித்தால் மேல் ஓரத்தில் ஒரு பட்டை தங்கி, நாளாக நாளாக அங்கே ஒரு தாடி முளைத்தது. மார்ச்சில் ஒரு நாள் ஆணியோடு விழுந்து கீழே இருந்த தம்ளரை நசுக்கியது. தம்பி வீட்டில் ஒட்டு விட்டுப்போய் மே மாதம் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. அச்சகத்தில் சொன்னோம், ஒரு புதுப் பிரதி அனுப்பினார்கள், காசு கேட்கவில்லை.

இதே மாதிரி செய்ய நினைப்பவர்கள் ஆடிக்கு முன்னாலேயே பட்டியலை முடித்துவிடுங்கள். மெல்லிய தாள் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு வரிக்குள் அடங்குகிற மாதிரி நீங்களே சுருக்கிக் கொடுங்கள், டிடிபி தம்பியிடம் விடாதீர்கள். நாள் நிரம்பவில்லை என்றால் ஸ்டாக் பொன்மொழிக்குச் சரி சொல்லாதீர்கள், அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். முக்கியமாக, முடிந்தால் அப்பாவிடமே ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஆச்சரியப்படுத்தப் போய் நாங்கள்தான் ஆச்சரியப்பட்டோம்.

மீதி மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று போகப்போகத் தெரியும் என்றேன் அல்லவா. பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். அப்பா தினமும் காலையில் தாளைக் கிழித்து, சிவப்புப் பேனாவால் ‘அப்பா’ என்பதன் மேல் குறி போட்டுக்கொண்டிருந்தார். தன்னுடையது என்றால் டிக். தாத்தாவுடையது என்றால் ‘எங்கப்பா’. மற்றது எல்லாம் அடித்தல். ஒவ்வொரு ஸ்டேஜிலும் கண்டக்டர் டிக்கெட் கணக்கு எழுதும் வே பில்லை முடிக்கிற மாதிரி. அடித்த தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று அதில் எதையாவது எழுதவும் ஆரம்பித்துவிட்டார். கனமான தாள், பேனா ஊறவில்லை, அந்த ஒரு விஷயத்தில் அச்சகத்தின் தப்பு எங்களுக்கு லாபம். அம்மா எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறாள்.

தீபாவளிக்குப் போனபோது டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். பொன்மொழி தேடினேன், ஒன்றிரண்டுதான் இருந்தன. மற்றபடி ‘மோட்டார் காயில் போச்சு, 1,850’. ‘பால் இன்னிக்கும் தண்ணி’. ‘சின்னவன் போன் பண்ணல’. ‘சின்னவன் பண்ணிட்டான்’. ஏப்ரல் 14 தாளில், ‘அய்யம்பேட்டை ஸ்டாப்பிங்ல பழைய ஆளு ஒருத்தன் அடையாளம் கண்டுபிடிச்சான், அவன் பேரு எனக்கு ஞாபகம் வரல’. இரண்டு நாள் கழித்து ஒரு தாளில் அந்தப் பேர் மட்டும்.

போன வாரம் அச்சகத்திலிருந்து போன். அடுத்த வருஷத்துக்கும் போடலாமா மேடம், போன தடவை கொடுத்த மேட்டர் அப்படியே இருக்கு என்றார்கள். அப்பாவிடம் கேட்டேன்.

“மேட்டரு வேணாம். அடியில ரெண்டு வரி எடத்த சும்மா விடச் சொல்லு. எனக்கு ஒண்ணு போதும், முப்பது எதுக்கு?”

“முப்பதுக்குக் கொறஞ்சா போட மாட்டாங்கப்பா.”

“அப்ப உக்காந்து பேசு. பாப்பா, இருபதுல முடி.”