முன் டயர் உரசினால்: தூக்குவதா, வெட்டுவதா, மாற்றுவதா?

காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றும் என் பழைய பிக்கப்புக்கு, மச்சான் பாதி விலைக்குத் தந்தான் என்று 235/75 ஆர்15 டயர் நான்கையும் மாட்டினேன். வண்டிக்கு உரியது 215/75 ஆர்15. அகலம் 20 மி.மீ., விட்டம் 30 மி.மீ. கூடுகிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஃபுல் கட் அடித்தால் மட்கார்டின் பின்மூலையில் உரசல். எண்ணூர் விரைவுச் சாலைப் பள்ளத்தில் இறங்கினால் மேல் மடிப்பில் உரசல்.

எங்கே படுகிறது என்று தெரிய டயரில் சாக்பீஸ் தேய்த்து ஓட்டிப் பாருங்கள். அழிந்த இடம் காட்டிக்கொடுக்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் உள்ள புஷ், பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்று தடுத்து நிறுத்தும் ஸ்டியரிங் ஸ்டாப்பர் போல்ட்டை நீட்டினால் கட் குறையும், உரசலும் நிற்கும். ஆனால் ராயபுரம் சந்துகளில் ஒரே வீச்சில் திரும்பிய இடத்தில் ரிவர்ஸ் போட வேண்டியிருக்கும். சக்கரத்தை வெளியே தள்ள அதன் பின்னால் வைக்கும் ஸ்பேசர் தகடு போட்டால் உள்பக்க உரசல்தான் போகும். டயர் வெளியே தள்ளி நிற்பதால் என் மாதிரி மட்கார்டில் படுகிற வண்டிக்கு இன்னும் மோசம்.

மிச்சம் மூன்று வழி: மட்கார்டை வெட்டுவது, வண்டியைத் தூக்குவது, டயரை மாற்றுவது. அவற்றில் எதை எடுப்பது என்பதை எனக்கு முடிவு செய்தது உப்பு.

துறைமுகத் தரையில் எந்நேரமும் கடல்தண்ணீரும் ஐஸ் கரைந்த தண்ணீரும் நிற்கும். முன் டயர் அதை அள்ளி நேராக மட்கார்டுக்குள் அடிக்கிறது. அந்த மடிப்பை வெட்டினால் செலவு குறைவு, அரை நாள் டிங்கரிங் வேலை. ஆனால் வெட்டிய விளிம்பு பச்சை இரும்பு. ரெட் ஆக்சைடும் பெயின்ட்டும் அடிக்கலாம். டயர் எறியும் கல் ஒன்று பட்டுப் பெயின்ட் பெயர்ந்தால் போதும், அங்கிருந்து துரு பரவும். துரு பிடித்த மட்கார்டைப் பார்த்தால் வாங்க வருபவனும் விலையைக் குறைப்பான்.

முன்பக்கத்தில் ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பாரை முறுக்கி முன்பக்கத்தைத் தூக்குவதைத்தான் நான் முதலில் செய்தேன். பள்ளத்து உரசல் நின்றது, ஃபுல் கட் உரசல் நிற்கவில்லை. தூக்கியதும் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், கலைந்தது. கவனிக்காமல் ஓட்டியதில் டயரின் வெளி ஓரம் தேய ஆரம்பித்தது. சரி, திரும்ப இறக்கலாம் என்றால் அட்ஜஸ்ட் போல்ட் துருவில் இறுகிவிட்டது. எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்துத்தான் அசைந்தது. உடைந்திருந்தால் செலவு வேறு கணக்கு.

கடைசியில் 215-க்கே திரும்பினேன். இரும்பில் கை வைக்காத வழி அது ஒன்றுதான். சரக்கு வண்டிக்கு டயர் அளவும் பதிவில் உண்டு. எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், அங்கேயும் பேச்சு வராது. காசு கூடத்தான், மறுக்கவில்லை. வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில், எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் லோடு எண்ணைப் பாருங்கள். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று கார் டயரை மாட்டிவிடாதீர்கள்.

மாதவரம், செங்குன்றம் பக்கம் உலர்ந்த சரக்கு ஓட்டுபவருக்குத் தூக்குவது ஒத்துவரலாம். நான் அப்படி ஓட்டியது மூன்று மாதம்தான், அதுவும் மீனோடு. அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

மச்சானிடம் வாங்கிய நான்கும் வீட்டு மாடியில் கிடக்கின்றன. திருப்பி எடுத்துக்கொள் என்றால் சிரிக்கிறான்.