ஏற்காடு பஸ்ஸில் விட்ட பாக்கி

இந்த முறை சேலத்தில் 18 நாள் இருந்தேன். விமானம் நேரத்துக்கு வந்தது. ஆதாரில் முகவரி திருத்தும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. பல் மருத்துவர் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார். இதையெல்லாம் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. எழுத வேண்டியது முந்நூற்றுச் சொச்சம் ரூபாயைப் பற்றி.

2019இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனவன், ஆறு ஆண்டு கழித்து ஆடி மாதத்தில் வந்து இறங்கினேன். நான் கிளம்பிய நாளில் ஐந்து ரோட்டில் பாலத்துக்கான தூண்கள்தான் நின்றன. இப்போது ஈரடுக்கு மேம்பாலம் தலைக்கு மேலே ஓடுகிறது, அதில் ஏறத் தெரியாமல் இரண்டு முறை வேறு திசையில் போய்விட்டேன். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே விழித்திருந்தது. நண்பர்கள் மூன்று பேர் மிச்சம். மற்றவர்கள் பெங்களூரிலும் கோவையிலும் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் மூவரை நாங்கள் கல்லூரியில் அழைத்தபடியே இங்கும் எழுதுகிறேன்: செவ்வாய்ப்பேட்டைக்காரன், அம்மாபேட்டைக்காரன், சூரமங்கலத்துக்காரன்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு என்று முடிவானது. கருப்பூரில் படித்த நாள்களில் மாதம் ஒரு ஞாயிறாவது ஏற்காடுதான். இரண்டு வண்டி, நான்கு பேர், கோரிமேட்டில் தலைக்கு ஐம்பது ரூபாய் போட்டு பெட்ரோல், விடிவதற்குள் அடிவாரம். வண்டி கிடைக்காத ஞாயிறுகளில் பஸ். இப்போது செவ்வாய்ப்பேட்டைக்காரனிடம் கார் இருக்கிறது. கொலுசுப் பட்டறை நன்றாக ஓடுகிறது. "காரில் போய்விடலாம், குளிர்சாதனம் இருக்கிறது" என்றான். நான்தான் பஸ்ஸில் போக வேண்டும் என்று அடம் பிடித்தேன். பிறகு நடந்த அத்தனைக்கும் இந்த அடம்தான் காரணம் என்று மூவரும் இன்றுவரை சொல்கிறார்கள்.

பஸ் என்று பிடிவாதம் பிடித்தவன் டிக்கெட்டும் எடுக்க வேண்டுமல்லவா? என்னிடம் இருந்தது அம்மா கொடுத்த 500 ரூபாய்த் தாள்கள் மட்டும். வங்கியில் பதிவு செய்திருந்த பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது கைவிட்டுப் போயிற்று. எண் இல்லை என்றால் ஓடிபி இல்லை, ஓடிபி இல்லை என்றால் இந்த நாட்டில் இளநீர்கூடக் கிடையாது. வண்டியில் தேங்காய் விற்கும் அம்மாகூடக் கட்டத்தைக் காட்டி "ஸ்கேன் பண்ணுங்கள்" என்கிறார். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் தெரு ரொட்டிக்கடையில் ரொக்கம் மட்டுமே வாங்குவோம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தவன் பணத்தாளோடு நிற்க, ஊர்க்காரர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

கண்டக்டர் என் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "காலையிலேயே ஐந்நூறா?" என்றார். அந்தக் குரல்! 2016 நவம்பரில், பழைய தாள்கள் செல்லாது என்று ஆன வாரத்தில், இரண்டாயிரம் ரூபாய்த் தாளை நீட்டிய எங்களிடம் ஒரு கண்டக்டர் பேசிய அதே குரல். அம்மாபேட்டைக்காரன் செல்பேசியை எடுத்தான். அவன் கையைத் தட்டிவிட்டேன். கண்டக்டர் இயந்திரத்தில் நான்கு டிக்கெட்டைக் கிழித்து, முதல் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கித் தொகையை எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டு, கீழே கோழி கிறுக்கியது போல ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பழைய வண்ணக் காகித டிக்கெட் போய்விட்டது, விரல் நுனியில் எச்சில் தொடுவது போய்விட்டது, ஆனால் பின்பக்கத்துப் பாக்கி மட்டும் அப்படியே இருக்கிறது. ஜெர்மனியில் 2025இல் மாதம் 58 யூரோவாக இருந்த ஒரே டிக்கெட்டில் நாடு முழுக்க ஊர்ப் பஸ்களிலும் உள்ளூர் ரயில்களிலும் ஏறலாம். ஓட்டுநரோடு ஒரு சொல் பேச வேண்டியதில்லை. பரிசோதகர் வரும்போது அது இல்லை என்றால் 60 யூரோ அபராதம், அதிலும் பேச்சுக்கு இடமில்லை. ஒரு மனிதர் எனக்குக் கடன்பட்டிருப்பதாகக் கைப்பட எழுதிக் கொடுத்து ஆறு ஆண்டு ஆயிற்று.

டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தேன். அதுதான் தவறு. கையில் சுருட்டி விரலிடுக்கில் வைக்க வேண்டும் என்பது பழைய பாடம். இறங்கும்வரை அது விரலை உறுத்திக்கொண்டே இருக்கும். பையில் வைத்தால் மறந்துபோகும்.

அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கினோம். மொத்தம் 20. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது, ஆனாலும் வாய்விட்டு எண்ணுவதுதான் வழக்கம். ஏறும்போது கீழே மேக்னசைட் வெட்டிய வெள்ளைக் குழிகள் தெரிந்தன. பதின்மூன்றுக்கு மேல் பனி மூடி எதுவும் தெரியவில்லை. சூரமங்கலத்துக்காரன் தூங்கிவிட்டான். சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடியும் வந்தபோது ஊர் வந்துவிட்டது என்று வயிற்றுக்கே தெரிந்தது. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாசனை சன்னல் வழியே ஏற, நால்வரும் தடதடவென்று இறங்கிவிட்டோம். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். யாரையோ என்று நினைத்தேன்.

மூன்றாவது பஜ்ஜியில் கை சட்டைப் பைக்குப் போனது. டிக்கெட் இருந்தது.

பஸ் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது அந்த பஸ் இறங்கிப் போய்விட்டிருந்தது. நின்றிருந்த வேறொரு பஸ்ஸின் கண்டக்டர் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, யார் என்று. மதியம் ஒரு மணிக்கு மேல் ஏறுவார். இங்கேயே இருங்கள் தம்பி" என்றார். அப்போது மணி பத்து.

"விடுடா. உனக்கு அது மூன்று யூரோ. அங்கே ஒரு காபிக்குக் காணுமா?" என்றான் செவ்வாய்ப்பேட்டைக்காரன்.

கணக்கு சரிதான். ஆனால் கருப்பூர் விடுதி நாள்களில், பஸ்ஸில் எட்டு ரூபாய் பாக்கியை மறந்து இறங்கியதற்காக இதே செவ்வாய்ப்பேட்டைக்காரன் என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தான். அந்த எட்டு ரூபாய் இல்லாமல் சாயங்காலம் தட்டுவடை செட்டு நால்வருக்கு மூன்றாகிப் போனது. அதை நினைவூட்டினேன். அவனுக்கு நினைவில்லை. பணம் வந்தால் முதலில் மறப்பது இதைத்தான் போலும்.

அவர்கள் ஆட்டோ பிடித்து பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று கிளம்பினார்கள். ஆறு ஆண்டு கழித்து ஊருக்கு வந்த நான் ஏற்காடு பஸ் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

அங்கே ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்து நட்ட மலை இது. இருநூறு ஆண்டு காபி. அந்த மலை உச்சியில் உட்கார்ந்து நான் குடித்தது பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டிக் கலக்கிய தூள் காபி. "டிகாக்‌ஷன் இல்லையா அக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் வீட்டில் போடுவதுதான் தம்பி, கடைக்கு இது போதும்" என்றார். ஸ்டுட்கார்ட்டில் என் அலமாரியில் ஏற்காட்டுக் கொட்டை அரை கிலோ இருக்கிறது. அரைக்கும் இயந்திரம்கூட இருக்கிறது.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். தோட்ட வேலை. முந்தானை முடிச்சை அவிழ்த்து அவரும் ஒரு டிக்கெட்டை எடுத்தார். அதே வட்டம், அதே கோழிக் கிறுக்கல். 12 ரூபாய். தேதி முந்தாநாள்!

"முந்தாநாள் பாக்கியைக் கொடுப்பாரா பாட்டி?"

"கொடுக்காமல் எங்கே போவார்? அவரும் இந்த மலையைத்தானே ஏறி இறங்க வேண்டும்" என்றார்.

இதற்கு மேல் ஓர் உத்தரவாதத்தை நான் எங்கும் வாங்கியதில்லை. போன குளிர்காலத்தில் மியூனிக் போகும் ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கு திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். நல்ல சட்டம், குறை சொல்லவில்லை. படிவம் நிரப்பி, கணக்கு எண் கொடுத்து, பல வாரம் கழித்து ஒரு தொகை வந்தது. யார் அனுப்பினார், எந்த மேசையில் என் பெயரைப் படித்தார், தெரியாது. ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் என்று அம்மாபேட்டைக்காரன் இன்னும் நம்புகிறான். அந்த நம்பிக்கையைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

ஒன்றே முக்காலுக்குப் பனிக்குள்ளிருந்து பஸ் வந்தது. நான் எழுவதற்குள் கண்டக்டரே படியில் நின்று கையை நீட்டினார்.

"ஏரிக்கரையில் குதித்தவர்தானே? விசில் அடித்தேன், கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. பஜ்ஜி அப்படி என்ன ஓடிவிடுமா?"

பாட்டிக்குத்தான் முதலில் கொடுத்தார். அவரிடம் டிக்கெட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. என்னிடம் வாங்கினார். வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"ஐயோ, அதை நான் வைத்துக்கொள்கிறேன் அண்ணா, ஞாபகத்துக்கு" என்றேன்.

"ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டு நாளைக்கும் வந்து நீட்டுவீர்கள்" என்றார். நியாயம்தான். நான்கு மணி நேரம் நான் காத்திருந்தது பணத்துக்கு என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாக்கியில் இரண்டு நூறு ரூபாய்த் தாள். மீதி அத்தனையும் பத்து ரூபாய் நாணயங்களாக என் உள்ளங்கையில் கொட்டினார். ஏன் அவற்றை என்னிடம் தள்ளினார் என்பது இரவுதான் புரிந்தது. மலை இறங்கும் பஸ்ஸுக்கான டிக்கெட்டை அம்மாபேட்டைக்காரன் செல்பேசியில் பணம் கட்டி எடுத்துவிட்டான், இந்தத் தடவை நான் தட்டிவிடவில்லை. நேராகத் தட்டுவடை செட்டு வண்டிக்குப் போனோம். பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டு, சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் நசுக்கி, வாயில் முழுதாகத் திணிக்க வேண்டிய அளவில் வந்தது. அளவு குறைந்திருக்கிறது, காரம் குறையவில்லை. நொறுக்கலும் ஒன்று வாங்கினேன். பெருமையோடு நாணயங்களை நீட்டினேன்.

"இது வேண்டாம் அண்ணா. நான் வாங்கினால் என்னிடம் யாரும் வாங்க மாட்டார்கள்" என்றார் கடைக்காரத் தம்பி. செல்லும், வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எத்தனையோ முறை சொல்லியாயிற்று என்றேன். "அப்படியானால் அங்கேயே கொடுங்கள்" என்றார். செவ்வாய்ப்பேட்டைக்காரன் சிரித்துக்கொண்டே செல்பேசியை எடுத்துக் கட்டத்தின் மேல் பிடித்தான்.

நாணயங்கள் என்னோடு ஸ்டுட்கார்ட் வந்துவிட்டன. வெளி வளையம் மஞ்சள், நடுவில் வெள்ளை. பார்த்தால் ஒரு யூரோ போலவே இருக்கிறது. இங்கே பல்பொருள் அங்காடியில் ஒரு யூரோ போட்டால்தான் தள்ளுவண்டி சங்கிலியை விடும். போன சனிக்கிழமை சட்டைப் பையில் கைவிட்டபோது ஒரு பத்து ரூபாய் அகப்பட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் துளையில் வைத்து அழுத்தினேன். கொஞ்சம் பெரிது. நுழையவில்லை.