மில் ஓடாத நாளிலும் மீட்டர் ஏறியது: சோலார் போடப் போகும் சிறு தொழில்காரர்கள் கவனத்துக்கு

ஏழு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று மின்வாரியத்திலிருந்து ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்து, என் மில் கூரையில் இருக்கும் சோலாரை அணைத்து, சுவிட்சுக்கு சீல் வைத்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் வேறு ரெண்டு பேர் மேல்.

காங்கேயம் பக்கம் சின்னதாக ஒரு தேங்காய் எண்ணெய் மில் நடத்துகிறேன். சாங்ஷன் லோடு, அதாவது வாரியம் அனுமதித்த மின்சுமை, 25 எச்.பி. பகலில் மட்டும்தான் ஓட்டம். கொப்பரை களத்தில் காய்வதும் வெயிலில், செக்கு ஓடுவதும் அதே வெயில் நேரத்தில். சோலாருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை. போதாததற்கு, எங்களிடம் எண்ணெய் வாங்கி வெளியூர் இயற்கை அங்காடிகளுக்கு அனுப்பும் பார்ட்டி ஒருவர், “பசுமை மின்சாரத்தில் ஆட்டியது என்று லேபிளில் போடலாமா?” என்று போன வருஷத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

சோலார் போடுகிறவர்களையும் போட்டுக்கொள்கிறவர்களையும் கோத்துவிடும் ஆன்லைன் தளம் ஒன்று இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை, வக்கீல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதில் விவரம் போட்டதும் “சரிபார்க்கப்பட்ட நிறுவனம்” என்று பச்சை டிக்கோடு ஒருவரை அனுப்பினார்கள்.

அந்த ஆள் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் விஷயம் என்ன தெரியுமா? “அக்கா, மத்தவங்க எல்லாம் மானியம் வாங்கித் தர்றேன்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க. அந்த எழுபத்தெட்டாயிரம் வீட்டுக்குத்தான், மில்லுக்குக் கிடையாது.” இது நூற்றுக்கு நூறு உண்மை. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியம் வீடுகளுக்கு மட்டும்தான். அதற்கு முன் வந்துபோன ரெண்டு பேரும் மானியம் உண்டு என்று அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். இவர் ஒருவர்தான் இல்லாததை இல்லை என்றார். அந்த ஒரு உண்மையை வைத்து மிச்சம் அத்தனை பொய்யையும் விற்றுவிட்டார். எங்கம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கணக்கும் பளிச்சென்றுதான் இருந்தது. கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட், 15 கிலோவாட்டுக்கு 60 யூனிட், யூனிட் எட்டு ரூபாய், மாதம் 14,400. நாலே கால் வருஷத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும். மில், கடைகளுக்கு உற்பத்தியாகும் யூனிட்டுக்கு வாரியம் தன் லைனைப் பயன்படுத்துவதற்காக நெட்வொர்க் கட்டணம் போடும் என்பது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. மிச்சமாகி வெளியே போகும் யூனிட்டுக்கு நாம் கொடுக்கும் எட்டு ரூபாய் விலை கிடைக்காது என்பதும் இல்லை.

பணம் மூன்று தவணை. முன்பதிவுக்குத் தளம் வழியாக 73,500. பொருள் கிளம்பியதும் 4,41,000, அதற்கு நகையை வைத்தேன். ‘சார்ஜ்’ பண்ணிய, அதாவது லைனில் இணைத்து ஆன் பண்ணிய அன்றைக்கு 2,20,500. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது, போனில் ஆப் போட்டுக் காட்டினார், படம் எடுத்தோம். “நெட் மீட்டர்?” என்று கேட்டேன், உள்ளே வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டர் அது. “அப்ளிகேஷன் போட்டாச்சுக்கா. மீட்டர் ஸ்டாக் இல்ல, வந்ததும் மாட்டிருவாங்க. அதுவரைக்கும் ஆன்லயே இருக்கட்டும், வெயில ஏன் வீணாக்கணும்?”

அந்த மாதம் கொப்பரை வரத்து இல்லாமல் மில் பாதி நாள் நின்றது. பில் மட்டும் முழு மாதம் ஓட்டியதற்கு ஏறக்குறைய சமமாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில்லில் ஒரு பல்புகூட எரியாதபோது, மீட்டர் முன்னால் போய் நின்று பார்த்தேன். யூனிட் ஏறிக்கொண்டிருந்தது. ரீடிங் எடுக்க வந்தவரிடம் கேட்டதற்கு, “பழைய மீட்டருங்க இது. கரண்ட் உள்ள வந்தாலும் வெளிய போனாலும் இதுக்கு ஒண்ணுதான், ஏத்திக்கிட்டே போகும். ரெண்டு பக்கமும் தனித்தனியாக் காட்டற மீட்டர் மாட்டாம யாருங்க ஆன் பண்ணச் சொன்னது?” என்றார். அதாவது என் கூரையில் விளைந்த கரண்டை ஊருக்குக் கொடுத்துவிட்டு அதற்கு நானே காசும் கட்டியிருக்கிறேன்.

ஆபீஸில் போய் விசாரித்தால், என் சர்வீஸ் நம்பரில் அப்ளிகேஷன் என்று ஒன்று வரவே இல்லை.

சரி, நாமே போட்டுவிடலாம் என்று வேறு லைசென்ஸ் கான்ட்ராக்டரைக் கூட்டிவந்தேன். பேனல் சீரியல் நம்பரை எழுத மேலே ஏறியவர் கொஞ்ச நேரத்தில் என்னையும் ஏறச் சொன்னார். பேனலின் முன்பக்கம் கண்ணாடிக்கு உள்ளே ஒரு நம்பர், பின்பக்க ஸ்டிக்கரில் வேறு நம்பர். ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பசை காயாமல் பிசுபிசுவென்று வந்தது. அடியில் வெளுத்துப்போன இன்னொரு ஸ்டிக்கர், வேறு கம்பெனி, 445 வாட். மேலே ஒட்டியதில் 545. டேப் வைத்து அளந்தோம். 545 வாட் பேனல் கிட்டத்தட்ட 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம் இருக்குமாம். எங்களுடையது 2.1-க்கு 1.04. இருபத்தெட்டு பேனலும் அதே கதை. எங்கிருந்தோ கழற்றிய பழைய சரக்கு. வாரியத்துக்குக் காட்ட ஒழுங்கான பில்லும் கிடையாது. பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி நம்பரைப் போட்டுப் பார்த்தால் ‘ரத்து’ என்று வருகிறது.

இதற்கப்புறம் நடந்த அலைக்கழிப்புதான் பணம் போனதைவிட எரிச்சல். அந்த ஆள் முதலில் “பையனுக்குக் காய்ச்சல்க்கா” என்றார். அடுத்து “மழை விடட்டும்”. அப்புறம் “மேடம், நான் அந்தக் கம்பெனியில இருந்து விலகிட்டேன்”. இப்போது வாட்ஸாப்பில் ஒரே டிக்.

தளத்துக்காரர்கள் இன்னும் மரியாதையான ரகம். டிக்கெட் நம்பர் கொடுப்பார்கள், 48 மணி நேரம் என்பார்கள், அப்புறம் ‘தீர்க்கப்பட்டது’ என்று மெயில் வரும். மறுபடி கூப்பிட்டால் வேறொரு பெண், கதையை முதலிலிருந்து கேட்பார். கடைசியில் ஒரு மேலாளர் வந்து சொன்னார்: “மேடம், எங்க வழியா வந்தது 73,500 மட்டும்தான். மீதியை நீங்க நேரா குடுத்திருக்கீங்க. நாங்க அறிமுகப்படுத்தறவங்க மட்டுமே.” அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதைச் சரிபார்த்தது? பதில் இல்லை. நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனமும் மறுநாள் காணோம்.

ஸ்டேஷனில் “சிவில் மேட்டருங்க” என்றார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், மில் வணிகம், அங்கே எடுக்க மாட்டார்கள் என்று ஊரே சொல்கிறது. பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சுயதொழிலுக்கு 2019 சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று வக்கீல் சொல்கிறார். போட்டுப் பார்க்கப் போகிறேன்.

“படிச்சவங்க விசாரிச்சிருக்கக் கூடாதா?” என்று கமெண்ட் போட வருகிறவர்கள் தயவுசெய்து நகருங்கள். விசாரித்துத்தான் கொடுத்தேன். திருடியவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவளிடம் கேள்வி கேட்காதீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. மின்வாரிய அப்ளிகேஷன் நம்பரை உங்கள் பெயரில், உங்கள் போனில் பார்க்காமல் ரெண்டாவது தவணை கொடுக்காதீர்கள். பேனல் லாரியிலிருந்து இறங்கும்போதே கண்ணாடிக்குள் இருக்கும் நம்பரையும் பின் ஸ்டிக்கரையும் ஒப்பிடுங்கள், டேப் வைத்து அளங்கள், மேலே ஏற்றிவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். கடைசித் தவணை புது மீட்டர் மாட்டிய பிறகுதான், இன்வெர்ட்டரில் விளக்கு எரிந்ததற்கெல்லாம் இல்லை. ஜிஎஸ்டி நம்பரை அட்வான்ஸுக்கு முன்னாலும் பாருங்கள், பில் வந்த பிறகும் பாருங்கள்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் மில், கோழிப்பண்ணை, தறிக்கூடம் வைத்திருப்பவர்களில் யாருக்காவது இதே மாதிரி மேல் ஸ்டிக்கர் 545, அடியில் 445 என்று பேனல் வந்திருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள். ஒரு பேனலை உரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். என் ஒருத்தியின் ஏழு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்தை சிவில் மேட்டர் என்று தள்ளிவிட்டார்கள். நாலைந்து பேராகத் திருப்பூர் எஸ்.பி. ஆபீஸுக்குப் போனால் அப்படித் தள்ள முடியாது. அடுத்த மனு நாளில் நான் போகிறேன்.