கோவில்பட்டி கடலைமிட்டாய் ‘ஃபேக்டரி ரைடு’: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

கோவில்பட்டி கடலைமிட்டாய் ரைடு என்று எங்களை அழைத்துப்போய் ஏமாற்றிய பைக் குழுவின் அட்மின், அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ரைடு என்று போஸ்டர் போட்டிருக்கிறார். வாசகம்கூட மாறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து கோவில்பட்டிக்கு ஒருநாள் பயணம். வண்டி ஓட்டுபவருக்கு 950 ரூபாய், பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு 600. காலை டிபன், மதியச் சாப்பாடு, கூடவே மெக்கானிக்கோடு ஒரு வேன். எல்லாவற்றுக்கும் மேல், ‘கடலைமிட்டாய் தயாராவதை இரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்க்கலாம்’ என்ற ஒரு வரி. ஏழாவது படிக்கும் என் மகள் அந்த வரிக்காகவே ஆசைப்பட்டாள். ஜிபேயில் 1,550 அனுப்பினேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பழங்காநத்தத்தில் கூடினோம். 22 வண்டிகள், 31 பேர். வேனைக் காணோம். “விருதுநகர்ல வந்து சேந்துக்கும் சார்” என்றார் அட்மின். விருதுநகரிலும் இல்லை. டிபன் பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. அதைக்கூட விட்டுவிடலாம். சாத்தூர் தாண்டியதும் ஒரு கல்லூரிப் பையனின் வண்டி பஞ்சர். லாரிகள் பறக்கிற நான்குவழிச் சாலை அது. முன்னால் போனவர்கள் நிற்கவில்லை. கூட்டமாகப் போகும்போது கடைசியில் அனுபவமுள்ள ஒருவர் வரவேண்டும், அப்படி யாரையும் வைத்திருக்கவில்லை. நானும் இன்னொருவரும்தான் நின்றோம். அட்மினுக்கு நான்கு முறை போன் அடித்தும் எடுக்கவில்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தால், அது பைபாஸ் ஓரத்தில் ஒரு கடை. வாசலில் ‘ஃபேக்டரி’ என்று பெரிய போர்டு. மகள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணா, அடுப்பு எங்க இருக்கு?” என்று கேட்டாள். “இன்னைக்கு லீவு பாப்பா” என்றார் கடைக்காரர். பின்னறையில் அட்டைப்பெட்டிகள்தான் அடுக்கியிருந்தன. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்த தேதி இல்லை, முகவரி இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இல்லை. ஆனால் புவிசார் குறியீடு பெற்றது என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் அந்தக் குறியீடு கிடைத்தது உண்மை. அது அந்த வட்டாரத்தில் செய்யும் மிட்டாய்க்கு உரியது. எங்கோ செய்து கொண்டுவந்து அடுக்கிய பெட்டிக்கு அல்ல. எல்லோரும் வாங்கி முடித்ததும் கடைக்காரர் அட்மினிடம் ஒரு கவர் கொடுத்தார். உள்ளே என்ன இருந்ததென்று நான் பார்க்கவில்லை.

மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூட்டத்தை விட்டு ஊருக்குள் போய் விசாரித்து, ஒரு சின்ன மிட்டாய்ப் பட்டறைக்குப் போனோம். அங்கும் விடுமுறைதான். பெரியவர் ஒருவர் திண்ணையில் இருந்தார். “ஞாயித்துக்கிழம அடுப்பு பத்த வைக்கிறதில்ல தம்பி. வேல நாள்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தா யார் வேணாலும் நின்னு பாக்கலாம்” என்றார். பிள்ளை ஏமாந்து நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே கதவைத் திறந்தார். கடலையை வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைப்பது, வெல்லப்பாகு காய்ச்சுவது, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்தால் சட்டென்று உடையவேண்டும், அதுதான் பதம் என்பது, சூடு ஆறுவதற்குள் பலகையில் கொட்டி உருளையால் தேய்த்துத் துண்டு போடுவது, மேலே கலர் தேங்காய்ப்பூ தூவுவது என்று ஒவ்வொரு சாமானையும் கையில் கொடுத்துச் சொன்னார். நாங்கள் கேட்டு வாங்கிய அரைக்கிலோவுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. அன்று வந்தவர்கள் ஜிபே ரசீதையும் போஸ்டரையும் அழித்துவிடாதீர்கள். சேர்ந்து கொடுத்தால் நல்லது.

பால்கோவா ரைடுக்குப் பெயர் கொடுத்தவர்கள், எந்தப் பண்ணை, எந்தப் பட்டறை என்று பெயரைக் கேளுங்கள். அந்த இடத்துக்கு நீங்களே போன் போட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியுமா, இத்தனை பேர் வருவதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கூட வரும் வேனின் நம்பரையும் கேளுங்கள். இது மூன்றும் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் அனுப்பவேண்டாம்.