தெர்மாகோல் பெட்டியா, பிளாஸ்டிக் இன்குபேட்டரா? கழுவிப் பார்த்தால் தெரியும்

சென்னையில் மொட்டைமாடியில் நாலைந்து சிறுவிடை நாட்டுக்கோழிகள் வைத்திருப்பவர்களுக்கு அடைக்கோழியை நம்பி மட்டும் காலம் தள்ள முடியாது. நமக்கு வேண்டிய நேரத்தில் அது அடையில் உட்காராது. உட்கார்ந்தாலோ அத்தனை நாளும் முட்டை நின்றுபோகும். ஆக, முட்டையைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர்தான். நான் தெர்மாகோல், பிளாஸ்டிக் என இரண்டு வகையிலும் குஞ்சு பொரித்துவிட்டு இப்போது பிளாஸ்டிக் பக்கம் வந்து நிற்கிறேன்.

நாமே செய்துகொள்ளும் தெர்மாகோல் பெட்டியின் செலவு குறைவு. சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் குட்டி ஃபேனும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும், குண்டு பல்பு தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். எது பழுதானாலும் நாமே மாற்றிக்கொள்ளலாம். பிளாஸ்டிக்கில் முட்டையைத் திருப்ப மோட்டார் உண்டு. காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

சூட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஃபேன் சுற்றும் பெட்டி எதுவானாலும் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் வேண்டும். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும், 21ஆம் நாள் குஞ்சு. டிஸ்பிளே காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள், 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருந்தால் சரி. ஈரப்பதமும் நம் ஊரில் பெரிய தலைவலி இல்லை. கடற்காற்றில் இருக்கும் ஈரமே முதல் 18 நாளைக்குப் பெரும்பாலும் போதும். கடைசி மூன்று நாள் மட்டும் தண்ணீர் ஊற்றி 65 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டும்.

என்னைப் பிளாஸ்டிக் பக்கம் தள்ளியது கழுவும் வேலை. குஞ்சுகளை எடுத்த பிறகு பெட்டிக்குள் பாருங்கள். ஓட்டுத் துண்டுகள், காய்ந்து ஒட்டிய சவ்வு, எச்சம், மஞ்சள் கறை, ஃபேன் இறக்கையில் படிந்த மெல்லிய தூவி. தெர்மாகோலில் குஞ்சுகளின் நகம் கீறிய இடமெல்லாம் மணிமணியாகப் பெயர்ந்திருக்கும். அந்தப் பள்ளங்களில் இறங்கிய அழுக்கு துடைத்தாலும் வராது, அழுத்தித் தேய்த்தால் இன்னும் நாலு மணி உதிரும். அதிலும் ஒரு கூமுட்டை உள்ளே வெடித்துவிட்டால் நாற்றம் போகவே போகாது.

இது வெறும் நாற்றத்தோடு முடிகிற விஷயம் இல்லை. குஞ்சு வளரும் அதே சூடும் ஈரமும் கிருமிக்கும் தோதானவை. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. பிறந்த குஞ்சின் தொப்புளும் உடனே ஆறிவிடாது. முன்பு பொரித்த ஈட்டின் அழுக்கு மிச்சமிருந்தால் அடுத்த ஈட்டில் வயிறு உப்பிய, தொப்புள் ஈரமாகக் கசியும் குஞ்சுகள் வரும். அவை பெரும்பாலும் முதல் வாரத்தைத் தாண்டுவதில்லை. பிளாஸ்டிக் தொட்டியையோ சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நீர்த்த பிளீச்சிங் கரைசலில் அலசி, வெயிலில் காயவைத்தால் வேலை முடிந்தது. அந்தக் கரைசலோடு ஆசிட் எதையும் கலந்துவிடாதீர்கள்.

கரண்ட் போகும்போது மட்டும் தெர்மாகோல்தான் ஜெயிக்கும், சூட்டை வெகுநேரம் பிடித்து வைக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் பிளாஸ்டிக்குக்கு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். இல்லையென்றால் மூடியைத் திறக்காமல் மேலே போர்வை போட்டு வையுங்கள். கொஞ்ச நேரம் சூடு குறைவதைக் கரு தாங்கிவிடும், கூடுவதைத் தாங்காது. அதனால் கத்திரி வெயிலில் இரண்டு பெட்டியையுமே மாடி அறையில் வைக்கக் கூடாது.

பிளாஸ்டிக் பெட்டியின் திருப்பும் மோட்டார் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை என் அனுபவத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. என்னுடையது இதுவரை தொந்தரவு தரவில்லை. ஒருமுறை பொரித்தால் போதும் என்பவர்களுக்குத் தெர்மாகோல் தாராளம்.

அடுத்தடுத்து முட்டை வைப்பதாக இருந்தால் பிளாஸ்டிக்கே வாங்குங்கள். கடையில் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஹீட்டர், ஃபேன், மோட்டார் எல்லாம் மூடியோடு தனியாக வந்துவிட வேண்டும், அடித்தொட்டியில் ஒயர் எதுவும் இருக்கக் கூடாது. பின்பக்கம் 12 வோல்ட் பேட்டரியை இணைக்கும் முனை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.