லோண்ட்ரினா அவுட்லைன்: மூன்று ஆண்டுப் பழக்கம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். கடைப் பலகை, விலைப்பட்டியல், ஜாடி லேபிள் என்று வரும் சின்ன வேலைகளில் ஆங்கில எழுத்துக்கு மூன்று ஆண்டுகளாக என் கை முதலில் போவது லோண்ட்ரினா அவுட்லைன் என்ற எழுத்துருவிடம்தான்; உள்ளே நிரப்பில்லாமல் வெளிக்கோடு மட்டும் கொண்ட எழுத்து அது. சாவோ பாவ்லோ நகரத் தெருக்களின் கையெழுத்துகளிலிருந்து பிறந்த எழுத்துருக் குடும்பம் இது. வரைந்தவர் பிரேசில்காரர் மார்செலோ மகல்யாயிஸ். திறந்த உரிமம் என்பதால் வணிக வேலைக்கும் கட்டணமில்லை.

அதன் கோடு சற்றே கோணலாக ஓடும். சுவரில் எழுதுகிறவர் வண்ணம் தொடுமுன் சாக்பீஸால் வடிவம் போடுவாரே, அந்த நிலையிலேயே எழுத்து நின்றுவிட்டது போலிருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் என் முதல் தட்டுவடை செட் வண்டிப் பலகையைப் பார்த்த அக்கா, "ஏன் தம்பி, உள்ளே வண்ணம் அடிக்காமலே கொடுத்துவிட்டீர்களே?" என்றார். வெளிக்கோட்டை மட்டும் நகலெடுத்து, மஞ்சள் நிரப்பி அடியில் வைத்துக் கொடுத்ததும் அவருக்கு நிறைவு. அன்றிலிருந்து இரண்டு மாதிரியையும் காட்டிவிட்டுத்தான் அச்சிடுகிறேன்.

ஏற்காட்டில் வேறு பாடம். ஒரு தங்கும் விடுதிக்கு வெள்ளைப் பலகையில் கரும்பச்சைக் கோட்டு எழுத்து வைத்தேன். கடையில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. மலையில் மூடுபனி இறங்கியதும் மெல்லிய கோடு கரைந்து, பத்தடி தூரத்தில் பலகை வெறுமையாகத் தெரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மறுபடி ஏறி, அடர்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக என் செலவில் மாற்றினேன். உள்ளே காலியான எழுத்துக்குப் பின்னணிதான் உடம்பு. அதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டிக்கராக வெட்டும்போது எழுத்தின் உயரம் ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் வேண்டாம். ஒரு கோட்டுக்கு இரண்டு விளிம்பு. கத்தி இரண்டையும் சுற்றிவருகிறது, உபரியை உரிக்கும்போது கோடும் சேர்ந்து எழும்பிவிடுகிறது. அச்சில் சிறிய பத்திகளுக்கும் தொடாதீர்கள். பெயர், தலைப்பு, ஒரு வரி, அவ்வளவுதான்.

பெரிய குறை, இதில் தமிழ் இல்லை. அதே வடிவமைப்பாளரின் காயினி எழுத்துருவில் தமிழ் இருக்கிறது. துணைக்கு அதைத்தான் வைக்கிறேன். ஆனால் அது கொழுத்த எழுத்து. நிரப்பை நீக்கிக் கோடு மட்டும் போட்டால் 'ட', 'ப' நன்றாக நிற்கின்றன; 'ண', 'ணை' வரும் இடத்தில் சுழிகள் நெருங்கி அடைத்துக்கொள்கின்றன. எழுத்தை வளைகோடுகளாக மாற்றி ஒவ்வொரு சுழியையும் விரித்துப் பார்த்தேன், உயிர் போய்விட்டது. இந்த வாரம் ஒரு செக்கு எண்ணெய்க் கடைப் பலகை. 'எண்ணெய்' என்ற சொல்லை மட்டும் காகிதத்தில் பேனாவால் வரைந்து, ஸ்கேன் செய்து, லோண்ட்ரினாவின் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது 'ண' இன்னும் சரியாக உட்காரவில்லை.